காணியை விற்று அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். இதயம் பலவீனமாகி, துடிப்பும் நிரந்தரமாகவே ஒழுங்கு தவறிவிட்டது. இரு கீழறைகளையும் சேர்த்து இயக்கும் பேஸ்மேக்கர் வைக்க வேண்டுமாம். கொழும்புத் தனியார் மருத்துவமனை ஒன்று சொன்ன தொகைக்கு, நிலையான வைப்பில் உள்ள 14 இலட்சம் ரூபாய் போதாது. உப்புவெளிக் காணியை விற்கலாமா? – வாசகி, திருகோணமலை

பதில்: சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள், சகோதரி. ஆனால் காணியில் இப்போது கை வைக்க வேண்டாம். அவசரத்தில் விற்கும் காணிக்கு விலை சொல்பவர் வாங்குபவர்தான்.

முதலில் மருத்துவமனை தந்த செலவு மதிப்பீட்டுத் தாளை வைத்தியரிடம் கொண்டுபோய் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். துடிப்பு நிரந்தரமாக ஒழுங்கு தவறியவருக்கு கருவியை இதயத்தின் மேலறையோடு இணைக்கும் மேலறைக் கம்பி பெரும்பாலும் தேவைப்படாது. தாளில் அதற்கும் விலை போட்டிருக்கிறார்களா? அடுத்தது பெரிய விடயம். கருவி ஏறக்குறைய எல்லாத் துடிப்பையும், 98 சதவீதத்துக்கு மேல், தானே இயக்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும். மேலறையிலிருந்து தாறுமாறாக இறங்கும் துடிப்புகள் அதற்குக் குறுக்கே நிற்கும். மருந்தால் அவை அடங்காவிட்டால், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மின்கணுவைச் சுட்டு, இணைப்பைத் துண்டிப்பார்கள். அந்தச் செலவு தாளில் உண்டா? இல்லையென்றால், குறைவாகத் தெரியும் தொகை பிறகு வளரும்.

கணுவைச் சுட்டபின் அப்பா கருவியை நம்பியே வாழ்வார். மின்கலம் பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டுகளில் தீரும். அப்போது மாற்றாமல் இருக்க முடியாது. நான் காணியைக் காப்பாற்றச் சொல்வது அந்த நாளுக்காகத்தான்.

அரச மருத்துவமனையில் பேஸ்மேக்கர் இலவசம், காத்திருக்க நேரலாம். எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், வங்கி முகாமையாளர் அல்ல. சிகிச்சைச் செலவுக்கு உதவும் ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தைச் சிகிச்சைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அப்பாவுக்கு அரச ஊழியருக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதி உண்டா என்றும் பாருங்கள். ஓய்வூதியர் பலர் இதை மறந்தே போகிறார்கள்.

அதன்பிறகும் குறைந்தால், வைப்பை இடையில் உடைத்து வட்டியை இழக்காமல், அதன் மேல் கடன் எடுங்கள். கடன் வட்டி, வைப்பு வட்டியைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் தொடாமல் ஒதுக்குங்கள்: கருவியைப் பரிசோதிக்கக் கொழும்புக்குப் போய்வரும் செலவும் தங்குமிடமும். இரவு ரயிலில் போனாலும் அப்பாவுடன் ஒருவர் போயாக வேண்டும், இரண்டு டிக்கெட்.