பழைய சிப்பாய்களுக்கு மறுவாழ்வு: கேள்வி பதில்

உற்பத்தி நின்றுபோன ராணுவ மினியேச்சர்கள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், தெரிந்தவர் ஒருவர் பெட்டி நிறைய உலோகச் சிப்பாய்கள் கொடுத்தார். பாதிக்கு மேல் பெயிண்ட் உதிர்ந்து கிடக்கிறது. எதில் ஆரம்பிப்பது?

முதல் வேலை, எதையும் கழுவாமல் இருப்பது. எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணிமேல் பரப்பி, முன்னும் பின்னும் அடிப்பாகமும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு குவியலாகப் பிரியுங்கள்.

தொழிற்சாலையிலேயே பெயிண்ட் அடித்து விற்கப்பட்ட பொம்மைச் சிப்பாய்கள் ஒரு குவியல். லண்டன் பிரிட்டன்ஸ், பாரிஸ் மின்யோ போன்ற நிறுவனங்களின் பொம்மைகள் இதில் வரும். இவற்றில் அந்தப் பழைய பெயிண்டுக்குத்தான் பாதி மதிப்பு. முகத்தில் ஒரு புள்ளி, கன்னத்தில் ஒரு சிவப்பு என்று அன்றைக்குக் கையால் வைத்தது அது. பாதி உதிர்ந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

வாங்குபவரே பெயிண்ட் அடித்துக்கொள்ளட்டும் என்று வெறும் வார்ப்பாக விற்கப்பட்டவை இன்னொரு குவியல். மேஜைமேல் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக்கென 1960, 70களில் வந்த உருவங்கள் பெரும்பாலும் இந்த வகை. அவற்றின் மேலிருப்பது முந்தைய உரிமையாளரின் கைவேலை. மோசமாக இருந்தால் உரித்துவிட்டுப் புதிதாக அடிக்கலாம், குற்ற உணர்ச்சியே வேண்டாம். நன்றாக இருந்தால்? நான் தொட மாட்டேன். அந்தக் காலப் பளபளப்பு வார்னிஷுக்கு ஒரு தனி அழகு உண்டு, இன்றைய மேட் வார்னிஷ் அதற்கு ஈடாகாது.

கேள்வி: யார் தயாரித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சிலவற்றில் அடியில் வருடம் பொறித்திருக்கிறது.

அந்த வருடத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. பிரிட்டன்ஸ் பொம்மைகளின் அடியில் இருப்பது அந்த வடிவத்துக்கான பதிப்புரிமைத் தேதி. பொம்மை வார்க்கப்பட்ட வருடம் அதிலிருந்து எவ்வளவோ தள்ளியிருக்கலாம்.

எடையைப் பாருங்கள். பார்வைக்குக் கனமாகத் தெரிந்து, கையில் எடுத்தால் லேசாக இருந்தால் அது உள்ளீடற்ற வார்ப்பு. அச்சில் ஊற்றிய ஈயம் வெளிப்பக்கம் மட்டும் உறைந்ததும் மீதியைக் கவிழ்த்துவிடுவார்கள். அந்தத் துளையைத் தேடினால் எங்காவது கிடைக்கும். 1893ல் பிரிட்டன்ஸ் இந்த முறையில் இறங்கியது. ஈயம் மிச்சமானதால் விலை குறைந்தது, திண்மமாக வார்த்துக்கொண்டிருந்த ஜெர்மன் தயாரிப்பாளர்களுக்குப் பலத்த அடி. 1966 வாக்கில் அந்த ஈயச் சிப்பாய்களின் காலம் முடிந்தது.

தகடு மாதிரித் தட்டையாக, இரண்டு பக்கமும் செதுக்கல் இருந்தால் ஜெர்மானிய மரபு. நூரம்பெர்க்கின் ஹைன்ரிக்சன் நிறுவனம் பரப்பிய 30 மில்லிமீட்டர் அளவில்தான் இவை அதிகம் கிடைக்கும். உலோகமே இல்லாமல் மரத்தூளை அழுத்திச் செய்ததுபோல இருந்து, உடைந்த இடத்தில் கம்பி எட்டிப் பார்த்தால் எலாஸ்டோலின் அல்லது லினியோல் என்ற ஜெர்மன் தயாரிப்பு. அதை மட்டும் தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மரத்தூளும் பசையும் கலந்த உடம்பு ஊறிப்போகும். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்தால் கால் நெடுக விரிசல் விழும்.

கேள்வி: அண்ணா, சில பொம்மைகளின் கால்பக்கம் வெள்ளை மாவு படிந்திருக்கிறது. துடைத்தாலும் சில மாதங்களில் திரும்ப வருகிறது. பூஞ்சையா?

பூஞ்சை இல்லை, ஈய அரிப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இந்தப் பொழுதுபோக்கில் மோசமான எதிரி இதுதான்.

காற்றில் அசெட்டிக் அமில ஆவி கொஞ்சம் இருந்தால் போதும், ஈரத்தோடு சேர்ந்து ஈயத்தைத் தாக்கும். முதலில் ஈய அசெட்டேட் உண்டாகும். கரியமில வாயு அதை ஈய கார்பனேட்டாக மாற்றும், அதுதான் நீங்கள் பார்க்கும் மாவு. அப்படி மாறும்போது அமிலம் மறுபடி விடுபட்டு அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடுகிறது. அதனால்தான் துடைத்தாலும் திரும்புகிறது. ஒரு காலத்தில் ஓவியர்களுக்கான வெள்ளை நிறமியையே இப்படித்தான் செய்தார்கள்: வினிகர் ஊற்றிய பானைகளில் ஈயத்தை வைத்துச் சாணத்துக்குள் புதைத்துவிடுவார்கள். உங்கள் அலமாரியும் இப்போது அந்த வேலையைத்தான் பார்க்கிறது.

அமிலம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மரத்திலிருந்து. ஓக் மரம் மிக மோசம். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை, பிளைவுட், மலிவான அட்டைப்பெட்டி, புதிதாக அடித்த பெயிண்ட் எல்லாம் சேர்த்தி. கண்ணாடிப் பெட்டியை ஒட்ட உதவும், வினிகர் வாசம் வீசும் சிலிகான் பசையும் இதே ஆவியைத்தான் விடுகிறது. காற்றுப் புகாமல் மூடிவைத்தால் பத்திரம் என்று நினைப்பார்கள், ஆவி உள்ளேயே தேங்கி நிலைமை இன்னும் கெடும்.

செய்ய வேண்டியது: முதலில் அந்த அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். அது மாறாவிட்டால் மற்றதெல்லாம் வீண். உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், அந்தத் தூள் நச்சு. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷை ஈரமாக்கித் தேயுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் சட்டென்று அலசி, ஹேர் டிரையரால் முழுக்க உலர்த்துங்கள். வெறும் வார்ப்பாக இருந்தால் அன்றைக்கே பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடியுங்கள். அழுக்குத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்ட வேண்டாம். சுத்தம் செய்ய வினிகர் நல்லது என்று யாராவது சொன்னால், அது இந்த நோய்க்கு உரம் போடுவது.

பழைய ஈயம் கரும்சாம்பல் நிறமாக மங்கியிருப்பது வேறு விஷயம். அது கெட்டியான ஆக்சைடு படலம், ஈயத்தைக் காப்பாற்றுகிறது. பளபளப்பாக வேண்டும் என்று அதைத் தேய்க்காதீர்கள்.

கேள்வி: பழைய எனாமல் பெயிண்டை எப்படி உரிப்பது?

திண்மமான உலோக வார்ப்பு என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் முதலில் முயன்று பாருங்கள். தண்ணீரில் கரைத்து அடிக்கும் அக்ரிலிக் பெயிண்ட் என்றால் சீக்கிரம் வந்துவிடும். பல வருடம் இறுகிய எனாமல் அசையாது. அதற்குப் பலரும் டெட்டால் பயன்படுத்துகிறார்கள்: சில நாள் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்ப்பது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஊறிய பொம்மையை நேராகக் குழாயடியில் காட்டினால், இளகிய பெயிண்ட் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். டெட்டாலிலேயே தோய்த்துத் தேய்த்து முடித்து, அதிலேயே ஒருமுறை அலசியபிறகுதான் சோப்புத் தண்ணீர்.

பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அசிட்டோன் கரைத்துவிடும், கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். காஸ்டிக் சோடா எந்த உலோகப் பொம்மைக்கும் வேண்டாம். எலாஸ்டோலின் வகைக்கு எந்தத் திரவமும் கிடையாது.

கேள்வி: ஏர்ஃபிக்ஸ் பிளாஸ்டிக் சிப்பாய்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. துப்பாக்கியைத் தொட்டாலே ஒடிகிறது.

1959ல் ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் பிளாஸ்டிக் மாடல் நிறுவனம் வெளியிடத் தொடங்கிய சின்ன உருவங்கள் மென்மையான பாலித்தீனில் ஆனவை. புதிதில் நன்றாக வளையும். வெயிலும் சூடும் வருடங்களும் சேர்ந்து அதன் மூலக்கூறுகளை நறுக்கிவிடுகின்றன. நொறுங்க ஆரம்பித்துவிட்டால் பழையபடி ஆக்க வழியே இல்லை. பிவிஏ பசையை (மரவேலைக்கான வெள்ளைப் பசை) தண்ணீரில் கலந்து ஒரு பூச்சு கொடுத்தால் மேஜைமேல் நிற்கும் அளவுக்குத் தாங்கும், அவ்வளவுதான். பை முழுவதற்கும் மெனக்கெடும் முன், ஏற்கெனவே உடைந்த ஒன்றின் கையை வளைத்துப் பாருங்கள். அது வளைந்தால் மற்றவையும் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது.

வளைந்து போன துப்பாக்கிக்கு: கொதித்த தண்ணீரில் சில விநாடி முக்கி, நேராக்கி, பிடித்தபடியே குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் மாடல் பசை பாலித்தீனில் ஒட்டாது. பெயிண்டும் உரிந்து வரும், ஆகவே முதலில் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, வளையும் தன்மையுள்ள பிரைமர் அடியுங்கள்.

கேள்வி: பயனெட் (துப்பாக்கிமுனைக் கத்தி) ஒடிந்தவை, தலை போனவை எல்லாம் தேறுமா?

தேறும். இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். ஒடிந்த பயனெட்டையோ ஈட்டியையோ ஈயத்திலேயே திரும்பச் செய்யாதீர்கள், மறுபடி வளையும். பித்தளைக் கம்பியை வெட்டி, நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, அரத்தால் கூராக்குங்கள். கையில் அரை மில்லிமீட்டர் துளை போட்டு, சூப்பர் குளூவில் நட்டுவிடுங்கள். வெறுமனே முனைக்கு முனை ஒட்டினால் முதல் தடவை கைபட்டதும் விழுந்துவிடும்.

உள்ளீடற்ற பொம்மைக்குத் தலை ஒடிந்தால் அந்தக் காலத்திலிருந்தே ஒரு வைத்தியம் உண்டு. தீக்குச்சியைக் கழுத்துத் துளைக்குள் செருகி, தலையை அதன்மேல் மாட்டிவிடுவது. பழைய பிரிட்டன்ஸ் பொம்மையின் கழுத்தில் பழுப்பேறிய தீக்குச்சி தெரிந்தால் அதைப் பிடுங்காதீர்கள். யாரோ ஒருவர் வீட்டு மேஜையில் உட்கார்ந்து பார்த்த வைத்தியம், அதுவும் அந்தப் பொம்மையின் கதைதான்.

வளைந்த ஈயக் காலை நிமிர்த்தும்போது அவசரம் கூடாது. கொஞ்சம் வளைத்து, விட்டு, மறுபடி கொஞ்சம். முன்னும் பின்னும் ஆட்டினால் உலோகம் களைத்து ஒடியும்.

கேள்வி: பழைய 25 மில்லிமீட்டர் உருவங்களை இன்றைய 28 மில்லிமீட்டரோடு கலக்கலாமா?

ஒரே படைப்பிரிவுக்குள் வேண்டாம். சிலர் பாதத்திலிருந்து கண் வரை அளப்பார்கள், சிலர் உச்சந்தலை வரை. அதனால் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்ப முடியாது. உயரத்தைவிடப் பருமன்தான் உறுத்தும்: பழையவை ஒல்லி, புதியவற்றுக்குப் பெரிய தலை, தடித்த மணிக்கட்டு. தனித்தனிப் பிரிவாக நிறுத்தி, பழையவற்றின் அடியில் ஓர் அட்டைத் துண்டு ஒட்டி உயர்த்தினால், கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

கேள்வி: ஐயா, என் படையில் இரண்டு முரசுக்காரர்கள் குறைகிறார்கள். அரிதானது என்று சொல்லிப் பெரிய விலை கேட்கிறார்கள்.

பணம் கொடுக்கும் முன் அது உண்மையிலேயே நின்றுபோனதா என்று பாருங்கள். மினிஃபிக்ஸ், ஹின்ச்லிஃப் போன்ற பழைய நிறுவனங்களின் அச்சுகள் கைமாறி, அவற்றில் பல இன்றும் வார்க்கப்படுகின்றன. ஆரம்பத்தில் பிளாஸ்டிக்கில் வந்த ஸ்பென்சர் ஸ்மித் உருவங்கள் பிறகு உலோகத்தில் வந்தன. "அரிது" என்ற வார்த்தையை விற்பவர் சொல்லும்போது பாதியைக் கழித்துவிட்டுக் கேளுங்கள்.

நகல் வார்ப்புகளும் உலவுகின்றன. ஒரு பொம்மையை வைத்தே அச்செடுத்து வார்த்தால் அளவு ஒரு துளி சுருங்கும், பொத்தான்களும் பட்டைகளும் மழுங்கும். அசல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளந்தால் தெரிந்துவிடும். உரிமை உள்ளவர் இன்னும் விற்கும் உருவத்தை நகலெடுத்து விற்பது திருட்டுதான், பொழுதுபோக்கு என்று சொல்லி அதை மழுப்ப வேண்டாம்.

கேள்வி: பழைய டை-காஸ்ட் பீரங்கி ஒன்று தானாகவே வெடித்து நொறுங்குகிறது. பக்கத்திலிருக்கும் ஈயச் சிப்பாய்களுக்கும் பரவுமா?

பரவாது. டை-காஸ்ட் என்பது துத்தநாகக் கலவையை அச்சுக்குள் அழுத்தி வார்ப்பது, இது அந்தக் கலவையின் நோய். வார்க்கும்போது அதில் ஈயமோ வெள்ளீயமோ கலந்துவிட்டால் வருடங்கள் கழித்து உள்ளிருந்தே வீங்கி வெடிக்கும். நிறுத்த முடியாது. படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழந்தை விளையாடக் கேட்கிறாள். சில பழைய சிப்பாய்களைக் கொடுக்கலாமா?

ஈயப் பொம்மை வேண்டாம். உலோகம் மட்டுமல்ல, அந்தக் காலப் பெயிண்டிலும் ஈயம் இருக்கலாம். பிளாஸ்டிக்கில் நல்ல நிலையில் இருப்பதாகப் பார்த்து, பழைய பெயிண்ட் ஒட்டியிராததாக எடுத்துக் கொடுங்கள். நீங்களும் ஈயத்தைக் கையாண்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வேலை மேஜையில் சாப்பிடாதீர்கள்.

கேள்வி: பழுதுபார்த்ததை விற்கும்போது சொல்ல வேண்டுமா?

கட்டாயம். எந்தத் தலை மாற்றியது, எந்தக் கை புதிது, எங்கே பெயிண்ட் தொட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். ஈயத்தோடு வைப்பதால் சீட்டு அமிலமற்ற காகிதமாக இருக்கட்டும்.