வயிற்றுப்பாட்டுக்கு எழுதினால் என்ன?

கேள்வி: 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தொடர்கதைகளால் பெரும்புகழ் பெற்ற திருமதி சவுத்வொர்த்தை இன்று யாரும் படிப்பதில்லையே. வயிற்றுப்பாட்டுக்காக எழுதியவர் என்பதுதான் காரணமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வயிற்றுப்பாட்டுக்கு எழுதினால் என்ன தப்பு? 1844வாக்கில் கணவர் கைவிட்டுப் போனார். கையில் இரண்டு குழந்தைகள். பகலில் வாஷிங்டனில் பள்ளி ஆசிரியை வேலை, மிச்ச நேரத்தில் எழுத்து. முதல் நாவல் 1849இல் வந்தது. அப்புறம் அறுபதுக்கும் மேல். அந்தக் காசில்தான் குடும்பம் நடந்தது. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

1855இல் அமெரிக்க நாவலாசிரியர் நாதனியேல் ஹாதோர்ன் தன் பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறுக்கித் தள்ளும் பெண்களின் கூட்டம் நாட்டைப் பிடித்துக்கொண்டது, தன் புத்தகம் எப்படி விற்கும் என்று அதில் பொருமினார். சவுத்வொர்த் பெயரைச் சொல்லவில்லைதான். ஆனால் அப்போது ஹாதோர்ன் லிவர்பூலில் அமெரிக்கத் தூதரக அதிகாரி. அரசாங்க வருமானத்தில் இருந்தவர், எழுதிப் பிழைத்த பெண்களைப் பழித்தார். அவர் நாவல்கள் எனக்குப் பிடிக்கும். அந்தக் கடிதத்தை மன்னிக்க முடியவில்லை.

நம்மூரிலும் கதையைக் கேட்டு வாங்கிவிட்டு, சன்மானம் என்றதும் முகம் சுளிக்கும் பத்திரிகைகள் உண்டு. அவர்களோடு என் சண்டை பழையது. அச்சகத்துக்குக் காசு, காகிதத்துக்குக் காசு, எழுதுகிறவருக்கு மட்டும் இலக்கிய சேவையா? 'நியூயார்க் லெட்ஜர்' வார இதழை நடத்திய ராபர்ட் பானர் அப்படி நினைக்கவில்லை. தாராளமாகக் கொடுத்தார். கதையின் நீளத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்த இன்னொரு பத்திரிகையை விட்டு, சவுத்வொர்த் 1857இல் இவரிடம் வந்துசேர்ந்தார். 1859இல் 'தி ஹிடன் ஹேண்ட்' தொடர் வந்தது. வாசகர்கள் விடவில்லை, அதே இதழ் 1868இலும் 1883இலும் அதை மறுபடி வெளியிட்டது. புத்தகமாக வந்தது 1888இல்தான்.

யாரும் படிப்பதில்லை என்பதும் சரியில்லை. பெண்ணிய ஆய்வாளர்கள் இந்த நாவலை மீட்டெடுத்து மறுபதிப்புகள் வந்துவிட்டன. நீங்கள் இதிலிருந்தே தொடங்குங்கள். நாயகி கேபிடோலா நியூயார்க் தெருவில் வளர்ந்த பெண். பெண்ணுக்கு யாரும் வேலை தராததால் பையன் வேஷம் போட்டுப் பத்திரிகை விற்கிறாள். அவளும் வயிற்றுப்பாட்டுக்காகத்தான்! பின்னால், தன்னைப் பற்றி அவதூறு பரப்பியவனைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்து முகத்திலேயே சுடுகிறாள். சாகப்போகிறோம் என்று பயந்து அவன் எல்லாப் பொய்யையும் ஒப்புக்கொள்கிறான். துப்பாக்கியில் இருந்தது காய்ந்த பட்டாணி.