இராயக்கோட்டையும் அடிவாரத்துத் தடமும்

அன்புள்ள ஐயா,

நண்பர்களுடன் கிருஷ்ணகிரி மாவட்டத்து இராயக்கோட்டை மலைக்கோட்டையை ஆவணப்படுத்தி வருகிறேன். ட்ரோன் மூலம் கோட்டை முழுவதையும் படம் எடுத்துவிட்டோம். கட்டுமானத்தை அறிய ஓரிரு இடங்களில் காரையைப் பெயர்த்தும் பார்த்தோம். இதைத் திப்புவின் கோட்டை என்று எழுதுவதா, ஆங்கிலேயர் கோட்டை என்று எழுதுவதா? சுரங்கப்பாதை உண்டு என்பது உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விடுமுறை நாட்களை இந்த மலைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்காகவே உங்கள்மீது எனக்குப் பிரியம் உண்டாகிறது. ஆனால் காரையைப் பெயர்த்தோம் என்ற வரியைப் படித்ததும் கோபம் வந்தது. அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை. எந்தச் சுவர் எக்காலத்தில் பூசப்பட்டது என்பதற்கு எஞ்சியிருக்கும் சான்றே அந்தக் காரைதான். அதை உங்கள் கையாலேயே அழித்துவிட்டு ஆவணப்படுத்துகிறோம் என்று எப்படி எழுதுகிறீர்கள்? இனி அளவுநாடாவும் குறிப்பேடும் தவிர வேறெதையும் மேலே கொண்டுபோகாதீர்கள்.

சுரங்கக் கதையை விட்டுவிடுங்கள். அப்படியொரு கதை இல்லாத கோட்டை நம் நாட்டில் இல்லை.

யாருடைய கோட்டை என்று கேட்கிறீர்கள். மைசூர்ப் படை காத்துநின்ற கோட்டையை 1791 ஜூலையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் கௌடி கைப்பற்றினார். திப்புவுடன் செய்த 1792 உடன்படிக்கையில் பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி, கம்பெனியின் வசமானது. இருவரையும் எழுதுங்கள். அதைவிட, இந்த மலை அவர்களுக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதுதான் பல ஆண்டுகளாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

1791 மே மாதம் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை சென்று, போரில் வென்றும், முற்றுகையிடாமல் திரும்பினார். வண்டி மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்துவிழுந்தன, தானியம் தீர்ந்தது, இழுக்க மாடில்லாத பெரும் பீரங்கிகளை அவரே உடைத்துப் போட்டுவிட்டு நடந்தார். அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் ஓசூரும் இராயக்கோட்டையும் பிடிக்கப்படுகின்றன. பாராமகால் சமவெளியிலிருந்து மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறும் கணவாய் வழி இந்த மலையின் பார்வையில் இருக்கிறது. அது கையில் இருந்தால்தான் அன்று கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட கீழைத் தமிழ்ச் சமவெளியிலிருந்து அரிசியும் மாடும் மேலே போகும். 1799 மார்ச்சில், திப்புவுடனான கடைசிப் போரில், கம்பெனியின் ஜெனரல் ஹாரிஸின் படையும் இராயக்கோட்டை வழியாகத்தான் மைசூர் எல்லைக்குள் நுழைந்தது.

என் இளமையில், சந்தைக்கு மாடு ஓட்டிய முதியவர் ஒருவருடன் இந்தப் பக்கம் நடந்திருக்கிறேன். அவர் கோட்டையை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. மாடு எங்கே தண்ணீர் குடிக்கும், எந்த ஏற்றத்தில் நுகத்தை அவிழ்க்க வேண்டும், மழைக்காலத்தில் எந்தத் தடம் சேறாகும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் போரின் கதையில் எனக்கு அதுவரை விளங்காதிருந்த பகுதியை அவர் பேச்சுதான் விளக்கியது. காரன்வாலிஸின் படைக்குப் பொதிமாடுகளில் தானியம் சுமந்துவந்த நாடோடி வணிகர்களான பஞ்சாரர்களுக்கும் இதே கணக்குகள் தெரிந்திருக்கும். கௌடியின் பெயரை எழுதிவைத்தவர்கள் அவர்களில் ஒருவரின் பெயரையும் எழுதவில்லை.

உங்கள் ட்ரோன் படங்களில் மதில் தெளிவாகத் தெரியும். அந்த மதில் எதைக் காத்தது என்பது தெரியாது. ஆகவே கீழே இறங்குங்கள். பழைய வண்டித்தடம், அதை ஒட்டிய குளங்கள், சத்திரங்கள், சந்தைத் திடல்கள் ஆகியவற்றைக் குறித்து, மேலேயுள்ள ஒவ்வொரு கொத்தளத்திலிருந்தும் அவற்றில் எவை கண்ணுக்குத் தெரிகின்றன என்று எழுதுங்கள். மாடு ஓட்டிய தலைமுறையில் இன்னும் சிலர் அந்த ஊர்களில் இருப்பார்கள். முதலில் அவர்களிடம் போங்கள். மதிலை அதற்குப் பிறகு அளக்கலாம்.