தத்துவம் படித்து இந்தக் காலத்துப் பிரச்சினை எதையாவது தீர்க்க முடியுமா?

தீர்க்குமா என்றால் சந்தேகம்தான். ஆனால் முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று காட்டும். என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐசியுவில் இருந்தபோது, வென்டிலேட்டர் வைக்கலாமா என்று டாக்டர் கேட்டார். "வைக்காம விட்டா விதி, வெச்சுட்டு எடுத்தா நாம கொன்ன மாதிரி" என்றார் சித்தப்பா. எங்கள் எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மனசு கேட்காமல் வைத்தோம், அப்புறம் பதினோரு நாள், தேற வாய்ப்பில்லை என்று டாக்டர்களே சொன்ன பிறகும், எடுக்கத் துணிவில்லாமல் நின்றோம்.

ஜேம்ஸ் ரேச்சல்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1975-இல் எழுதிய கட்டுரை ஒன்றைப் பிறகுதான் படித்தேன். சொத்துக்காக ஒருவன் ஆறு வயதுச் சிறுவனைக் குளியல் தொட்டியில் அமுக்கிக் கொல்கிறான். இன்னொருவனும் அதே எண்ணத்தோடுதான் போகிறான், ஆனால் பையன் தானே வழுக்கித் தலையில் அடிபட்டுத் தண்ணீரில் மூழ்க, இவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்கிறான். இரண்டாமவன் கொஞ்சம் நல்லவனா? இல்லையே. அப்படியானால் சித்தப்பா போட்ட கோடு, கொல்வது வேறு சாகவிடுவது வேறு என்பது, நாங்கள் நினைத்த அளவுக்குக் கனம் தாங்காது.

நம் சட்டமும் அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது. பல ஆண்டுகள் சுயநினைவின்றிக் கிடந்த மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் சிகிச்சையை நிறுத்துவதை மட்டும் சில நிபந்தனைகளோடு ஏற்றது, ஊசி போட்டு முடிப்பதை ஏற்கவில்லை. 2018-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. அதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததை 2023-இல் தளர்த்தி, இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரியும் போதும் என்றார்கள்.

ரேச்சல்ஸோடு எனக்கு முழு உடன்பாடு என்று நினைக்க வேண்டாம். தென் மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் குடிக்க வைத்துக் கதையை முடிப்பது. சில வீடுகளில் அதுகூட இல்லை, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். முதலாவது செயல், இரண்டாவது செயலின்மை. எனக்கும் இரண்டும் ஒன்றுதான், ஆனால் என் காரணம் வேறு: படுத்திருப்பவரை யாரும் கேட்கவில்லை. சங்க கால மன்னன் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது, அதாவது உண்ணாமல் இருந்து உயிர்விட்டது, அவனே எடுத்த முடிவு. ஆகவே யாருடைய முடிவு என்பதுதான் கேள்வி என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதுவும் போதவில்லை. கடனுக்குப் பயந்து ஒருவர் எனக்கு எதுவும் செய்யாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தால் அது அவர் விருப்பமா, மருத்துவமனை பில்லின் விருப்பமா? இந்த இடத்தில் விஷயம் அறத்திலிருந்து அரசியலுக்கு வந்துவிடுகிறது, நோட்டரி முத்திரை அதை மறைத்துவிடும் என்பதே என் கவலை.

போன மாதம் அம்மாவிடம் இந்தப் பத்திரத்தைப் பற்றிப் பேசினேன், உனக்கு என்ன வேண்டும், எதை வேண்டாம் என்று நினைக்கிறாய் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஐசியுல ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகுதுடா, மொதல்ல அதைச் சொல்லு" என்றார்.