பழைய அலாய் வீலை என்ன விலைக்குக் கொடுக்கலாம்?

கேள்வி: என்னுடைய போலோ ஜிடி டிஎஸ்ஐ (பெட்ரோல்) காருக்கு 17 இன்ச் வீலும் காயில்ஓவரும் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் செட்) போட்டுவிட்டேன். முன்பு வெளியில் வாங்கி மாட்டிய 16 இன்ச் அலாய் நான்கு, காரைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங், அதோடு ஓடிய ஷாக் அப்சார்பர்கள், கம்பெனி ஸ்பிரிங், கம்பெனி சைலன்சர் எல்லாம் வீட்டில் கிடக்கின்றன. மெக்கானிக் மொத்தமாக ஒரு விலை கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: மொத்தமாகக் கொடுக்காதீர்கள். வீலுக்குரிய பணத்திலேயே மற்றதெல்லாம் அடங்கிப் போய்விடும்.

கம்பெனி ஸ்பிரிங்கையும் சைலன்சரையும் விற்கவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காரைப் பழையபடி மாற்ற நேர்ந்தாலும், நாளை விற்கும்போதும் இவை தேவைப்படும்.

வீலுக்கு வருவோம். உங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழமைக்கே விலை உண்டு. வீலிலோ தழும்பு ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும். உள்பக்கச் செம்மண்ணையும் பிரேக் தூசியையும் நன்றாகக் கழுவுங்கள். விரிசலும் வெல்டிங்கும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அகலம், ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே, வெளியே நிற்கும் என்ற அளவு) எண்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். டயரைக் கழற்றிவிட்டு, பேலன்சிங் மெஷினில் வெறும் வீலைச் சுற்றவிட்டு வீடியோ எடுங்கள். பெண்டு (வளைவு) இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். விளம்பரத்தில் பிசிடி 5x100 (ஐந்து போல்ட் துளை, அவை அமையும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ.) என்று போடுங்கள். வென்டோ, ரேபிட் கார் வைத்திருப்பவர்களும் கேட்டு வருவார்கள். அந்த வண்டிகளில் வீலின் நடுத்துளை உட்காரும் ஹப்பின் விட்டம் 57.1 மி.மீ. உங்கள் வீலின் நடுத்துளை அதைவிடப் பெரிது என்றால், அந்த இடைவெளியை நிரப்பும் நான்கு ஹப் ரிங்கையும் சேர்த்தே கொடுங்கள். அது இல்லாமல் மாட்டினால் வேகத்தில் ஸ்டீயரிங் உதறும். போல்ட்டை மறந்துவிடாதீர்கள். கம்பெனி போல்ட்டில் தலைக்கு அடியில் வீலோடு ஒட்டி உட்காரும் பகுதி உருண்டையாக இருக்கும். வெளி அலாய்க்குப் பெரும்பாலும் கூம்பு வடிவம் வேண்டும். மாற்றிப் போட்டால் சரியாக உட்காராமல் தளர்ந்துவிடும், உயிருக்கே ஆபத்து. கூம்பு போல்ட் 20-ஐயும் வீலோடு அனுப்புங்கள்.

டயர் தனிக்கணக்கு. பக்கச்சுவரில் 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரம் தயாரானது. அவ்வளவு பழைய டயருக்கு விலை சொல்லாதீர்கள்.

லோயரிங் ஸ்பிரிங்கில் பார்ட் நம்பர் தெரியும்படி படம் எடுங்கள். டிஎஸ்ஐ வண்டியில் ஓடியது என்று சொல்லுங்கள். டீசல் வண்டிக்கு முன்பக்க எடை வேறு. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்தால் பழைய இரும்புக்கடைதான்.

பில் இருந்து, பெண்டு இல்லாத வீல் என்றால் இன்றைய புது விலையில் பாதி கேட்கலாம். ஸ்பிரிங்குக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். காரைக்குடிக்குள் ஆள் குறைவு. மதுரை, திருச்சி, கோவைக்காரர்களையும் எதிர்பாருங்கள். நேரில் வந்து மாட்டிப் பார்த்து வாங்குவதே இருவருக்கும் நல்லது. லாரி பார்சல் என்றால் முழுப்பணமும் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே ஏற்றுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். பணம் பெறுவதற்கு க்யூஆர் ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் போடவோ சொன்னால் அந்த ஆளை விட்டுவிடுங்கள்.