மறைஞானத்தின் வரலாற்றை இடங்கள், ஓவியங்கள் வழியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி கேட்டவர் சென்னையில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பேய்ப் படங்களும் மாந்திரீகக் கதைகளும் சலித்துவிட்டன, நேரில் போய்ப் பார்க்க ஓர் இடமும் கண்ணால் பார்க்கக் கலையும் இருந்தால் சொல்லுங்கள் என்றும் எழுதியிருக்கிறார். சென்னையில் இருந்துகொண்டு இதற்கு வேறெங்கும் போக வேண்டாம். அடையாற்றில் தொடங்குங்கள்.

அடையாற்றில் ஒரு வங்கிக் கிளையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். பிரம்மஞான சபையின் (தியோசாபிகல் சொசைட்டி) மதில்சுவரை ஒட்டித்தான் தினமும் பஸ்ஸில் போவேன். உள்ளே காலெடுத்து வைத்தது ஐந்தாம் ஆண்டில், ஒரு விடுப்பு நாளில். ஆலமரம் பார்க்கத்தான் போனேன். சுமார் 450 வயது என்று சொல்கிறார்கள். நடுவில் பெரிய அடிமரம் ஒன்றை எதிர்பார்த்துப் போன எனக்கு, அப்படி ஒன்று அங்கே இல்லை என்பதே முதல் வியப்பு. தாய்மரம் 1989ஆம் ஆண்டு காற்றில் சாய்ந்துவிட்டது. சுற்றிலும் தூண் தூணாக இறங்கிய விழுதுகள்தான் இன்றைக்கு மரமாக நிற்கின்றன. எது விழுது, எது கிளை என்று பிரித்தறிய முயன்று அரை மணி நேரம் நின்றிருப்பேன். பிற்பாடு அந்தச் சபையின் வரலாற்றைப் படிக்கப் படிக்க அந்த மரம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

1875இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட சபை அது. ரஷ்யாவில் பிறந்த பிளாவட்ஸ்கி அம்மையார், அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய கர்னல் ஆல்காட், வழக்கறிஞர் வில்லியம் ஜட்ஜ் ஆகியோர் அதன் நிறுவனர்கள். பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் 1879இல் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். 1882இல் அடையாற்றங்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற 27 ஏக்கர் இடத்தை வாங்கி, அந்த ஆண்டு டிசம்பரில் குடியேறினார்கள். இன்று அது சுமார் 260 ஏக்கர். இமயமலைக்கு அப்பால் வாழும் மகாத்மாக்கள் தங்களுக்கு வழிகாட்டுகிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள் என்பது பிளாவட்ஸ்கியின் கூற்று.

அந்தக் கடிதங்கள் வந்து சேரும் இடங்களில் ஒன்று, அடையாறு மாளிகையின் மாடியில் சுவரில் மாட்டியிருந்த ஒரு மர அலமாரி. 1883ஆம் ஆண்டு ஆகஸ்டில் உதகையிலிருந்து மார்கன் என்ற ஓய்வுபெற்ற தளபதி அதைப் பார்க்க வந்தார். பிளாவட்ஸ்கி அப்போது உதகையில் இருந்தார். வீட்டு நிர்வாகத்தைக் கவனித்துவந்த எம்மா கூலோம் என்ற பெண்மணி அலமாரிக் கதவைத் திறந்தார். கதவில் சாய்த்து வைத்திருந்த பீங்கான் தட்டு ஒன்று தரையில் விழுந்து நொறுங்கியது. துண்டுகளைத் துணியில் கட்டி உள்ளே வைத்து மூடினார்கள். சில நிமிடங்கள் கழித்துத் திறந்தபோது தட்டு முழுதாக இருந்தது, கூடவே ஒரு சீட்டும் இருந்தது. தளபதி முழு மனதோடு நம்பினார்.

அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது. கூலோம் தம்பதிக்கும் சபைக்கும் மனக்கசப்பு முற்றி அவர்கள் வெளியேற நேர்ந்தது. பிளாவட்ஸ்கி தனக்கு எழுதியவை என்று எம்மா கூலோம் கொடுத்த கடிதங்களை 1884 செப்டம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழ் வெளியிட்டது. அமானுஷ்ய நிகழ்ச்சிகளை ஆராய்வதற்கென்றே லண்டனில் தொடங்கப்பட்டிருந்த ஒரு சங்கம், ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இளைஞரை இங்கே அனுப்பியது. அவர் மாதக்கணக்கில் தங்கி விசாரித்தார். அந்தத் தட்டைப் போலவே ஒரு ஜோடித் தட்டுகள் சென்னைக் கடை ஒன்றில் வாங்கப்பட்டதைக் கண்டுபிடித்தார். அலமாரியை அவரால் பார்க்க முடியவில்லை. அதற்குள் சபையைச் சேர்ந்தவர்களே அதை எரித்துவிட்டிருந்தார்கள். 1885இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, பிளாவட்ஸ்கியை வரலாற்றின் தேர்ந்த ஏமாற்றுக்காரர்களில் ஒருவர் என்று முடித்தது. அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஒரு ரகசிய வழி இருந்ததல்லவா, அது அம்மையார் ஐரோப்பாவில் இருந்த சமயத்தில் அவரைச் சிக்கவைக்க எம்மாவின் கணவர் கூலோம் செய்த தச்சுவேலை என்பது சபையின் தரப்பு. நூறாண்டுகள் கழித்து, 1986இல், அதே லண்டன் சங்கத்தின் ஆய்விதழிலேயே ஹாட்ஜ்சன் அறிக்கையைக் கடுமையாகக் குறைசொல்லும் கட்டுரை ஒன்றும் வந்தது. ஏ.பி. சின்னெட் என்ற பத்திரிகையாளருக்கு வந்த மகாத்மா கடிதங்கள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

என்னைக் கேட்டால், தட்டு விஷயத்தில் ஹாட்ஜ்சன் பக்கம்தான் நிற்பேன். ஆனால் பலரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். "மோசடி" என்று ஒரு சொல்லில் புத்தகத்தை மூடுகிறவர்களுக்கும், "எல்லாம் சித்தர் மகிமை" என்று கைகூப்புகிறவர்களுக்கும் அதற்கு மேல் எதுவும் தெரியாமலே போய்விடுகிறது. அந்த அலமாரியை நம்பி வந்தவர்கள் அதற்குப் பிறகு என்னவெல்லாம் செய்தார்கள் என்று தேடிப் போனால்தான் வரலாறு கிடைக்கிறது.

ஒரு தமிழ்ச் சான்று சொல்கிறேன். வள்ளலாரின் மாணவரும் மாநிலக் கல்லூரித் தமிழ்ப் புலவருமான தொழுவூர் வேலாயுத முதலியார், 1882இல் இந்தச் சபையிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்தார். ரஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்து சகோதரத்துவத்தைப் பரப்புவார்கள் என்று வள்ளலார் முன்பே சொல்லியிருந்தார் என்பது அதன் சாரம். படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது உண்மை. பிறகுதான் ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டது 1874 ஜனவரி. சபை தோன்றியது 1875. வாக்குமூலம் 1882, அதாவது பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் இந்தியாவுக்கு வந்து மூன்றாண்டுகள் கழித்து. வேலாயுத முதலியார் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் தம் குருவை உயிராக மதித்தவர். எந்தச் சான்றும் எந்த ஆண்டு பதிவானது என்று முதலில் பார்க்கும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது இந்த ஒரு வாக்குமூலம்தான்.

ஆல்காட் 1880இல் இலங்கை காலியில் பௌத்தம் தழுவினார். கொழும்பு ஆனந்தா கல்லூரி 1886இல் எழுந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அதே ஆண்டில் அடையாறு நூலகத்தையும் தொடங்கினார். பல்லாயிரம் ஓலைச்சுவடிகள் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. 1894இல் ஒடுக்கப்பட்ட சமூகப் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி திறந்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் கொழும்பு சென்று பௌத்தம் ஏற்று, சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியபோது துணை நின்றவரும் அவரே. ஆவிகள் பேசும் கூட்டங்களைப் பற்றிச் செய்தி எழுதப்போய் பிளாவட்ஸ்கியைச் சந்தித்த மனிதர் வந்து நின்ற இடம் இது. ஊரூர் ஆல்காட் குப்பம், பெசன்ட் நகர் என்று பஸ் பலகைகளில் தினமும் நாம் படிக்கும் பெயர்களுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

எல்லாமே மெச்சத்தக்கவை என்று நினைத்துவிட வேண்டாம். 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் ஒரு மெலிந்த சிறுவனைப் பார்த்த லெட்பீட்டர் என்ற சபைப் பிரமுகர், அவனைச் சுற்றி அற்புதமான ஒளிவட்டம் தெரிகிறது, உலகாசான் இவன் உடலில் இறங்கப்போகிறார் என்றார். அந்தச் சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தி. சபையில் எழுத்தர் வேலை பார்த்த நாராயணய்யா என்பவரின் மகன், தாயை இழந்த பிள்ளை. லெட்பீட்டரோ, சிறுவர்கள் தொடர்பான குற்றச்சாட்டில் 1906இல் சபையிலிருந்து விலகியவர். அவரைத்தான் மறுபடியும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். தந்தை தம் இரு மகன்களையும் திரும்பக் கேட்டு, சபைத் தலைவர் அன்னி பெசன்ட் மீது வழக்குத் தொடர்ந்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார், 1914இல் மேல்முறையீட்டில் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். அவருடைய தரப்பில் வாதாடியவர் சி.பி. ராமசாமி அய்யர். அந்தத் தந்தையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். அந்தக் கடற்கரைக்குப் போகிறவர்கள் அவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி கலைக்கு வருகிறேன். பெசன்ட்டும் லெட்பீட்டரும் சேர்ந்து எண்ண வடிவங்கள் பற்றி 1900களின் தொடக்கத்தில் ஒரு படநூல் வெளியிட்டார்கள். எண்ணங்களுக்கு நிறமும் வடிவமும் உண்டு, ஞானக்கண் உள்ளவர்களுக்கு அவை தெரியும் என்பது அதன் அடிப்படை. அவர்கள் சொல்லச் சொல்ல ஓவியர்கள் வரைந்தார்கள். பக்திக்கு நீலம், அன்புக்கு ரோஜா நிறம், அறிவுக்கு மஞ்சள், கோபத்துக்குச் சிவப்பு. ஒரு படத்தில் மாதா கோயில் ஒன்று சின்னதாகக் கீழே இருக்கிறது. உள்ளே ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசையை ஆர்கனில் வாசிக்கிறார்கள் போலும், கோபுரத்துக்கு மேலே வானத்தில் மலைமலையாக வண்ணங்கள் எழும்பி நிற்கின்றன. ஆள் இல்லை, மரம் இல்லை, நிறம் மட்டும். பழைய பதிப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. ஓவியம் என்றால் ஏதோ ஒரு பொருளைப் போல இருக்க வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு பக்கத்தை அச்சடித்திருக்கிறார்கள்.

அந்த நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை, அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான காண்டின்ஸ்கி வைத்திருந்தார். கலையின் ஆன்மிகம் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற நூலில் பிளாவட்ஸ்கியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். பீட் மோண்ட்ரியான் 1909இல் ஹாலந்து பிரம்மஞான சபையில் உறுப்பினரானார். சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களால் நாம் அறிந்த அதே மோண்ட்ரியான்தான்.

மகள் நெதர்லாந்தில் வேலைக்குச் சென்ற பிறகு, அவளைப் பார்க்கப் போனபோது ஹேக் நகர அருங்காட்சியகத்தில் அவர் 1911இல் வரைந்த "பரிணாமம்" என்ற மூன்று பலகை ஓவியத்தை நேரில் பார்த்தேன். ஆளுயரத்தில் மூன்று நீலப் பெண்கள். இடப்பக்கத்தவளின் தோளருகே சிவந்த பூக்கள், வலப்பக்கத்தவளின் தோளருகே மஞ்சள் நட்சத்திரங்கள். இருவருக்கும் கண் மூடியிருக்கிறது. நடுவில் இருப்பவள் மட்டும் கண்ணை அகலத் திறந்து நேராக நம்மைப் பார்க்கிறாள். அந்த நட்சத்திரங்கள் இரண்டு முக்கோணங்கள் பின்னிய அறுகோண வடிவம். அதே வடிவம் அடையாறு சபையின் முத்திரையிலும் இருக்கிறது, நம் ஊர் முருகன் கோயில் யந்திரத்திலும் இருக்கிறது. பஸ் ஜன்னலிலிருந்து நான் பார்த்துக்கொண்டே போன சபையின் நம்பிக்கை, ஏறத்தாழ ஐயாயிரம் கல் தாண்டி அங்கே சுவரில் தொங்குவதைக் கண்டு கண் கலங்கிவிட்டேன். மகள் என்னவென்று கேட்டாள். உடனே சொல்ல வரவில்லை.

ஓம்மன் என்ற சிற்றூரும் அதே நாட்டில்தான் இருக்கிறது. கிருஷ்ணமூர்த்தியை உலகாசானாக ஏற்கத் திரண்டிருந்த சுமார் மூவாயிரம் பேர் முன்னால், 1929 ஆகஸ்ட் 3ஆம் நாள், அவர் தமக்காக உருவாக்கப்பட்ட அமைப்பைத் தாமே கலைத்தார். உண்மைக்குப் பாதை கிடையாது என்று சொல்லிவிட்டு இறங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது அந்த முகாம் இடத்தையே நாஜிகள் சிறைமுகாமாக்கினார்கள். ஓம்மனுக்கு நான் போக முடியவில்லை. அந்தப் பக்கம் வாய்ப்பு உள்ளவர்கள் போங்கள்.

ஸ்வீடனில் ஹில்மா ஆஃப் கிளிண்ட் என்ற ஓவியர் இருந்தார். நான்கு தோழியரோடு வாரந்தோறும் அமர்ந்து ஆவியுலகத்தோடு பேச முயன்றவர், பிரம்மஞானத்திலும் தோய்ந்தவர். 1906 முதல் 1915 வரை "கோயிலுக்கான ஓவியங்கள்" என்று 193 படங்கள் வரைந்தார். அவற்றில் பத்து, மூன்று மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். தாம் இறந்து இருபது ஆண்டுகள் ஆகும்வரை அவற்றைக் காட்டக்கூடாது என்று சொல்லிவைத்தார். இறந்தது 1944இல். சுருள்வடிவக் கோயில் ஒன்றில் அவை இடம்பெற வேண்டும் என்பது அவருடைய கனவு. 2018இல் நியூயார்க்கின் கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில், அந்தச் சுருள்வடிவக் கட்டடத்தில், அவற்றைக் காண ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

நடனமும் இதே வேரிலிருந்து வந்ததுதான். மதுரையில் பிறந்த ருக்மிணி தேவியின் தந்தை பிரம்மஞான சபைக்காரர், கணவர் அருண்டேல் பிற்பாடு அதன் தலைவர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், பின்னாளில் பரதநாட்டியம் என்று அறியப்பட்ட சதிர் கற்று, 1935 டிசம்பரில் சபையின் அறுபதாம் ஆண்டு மாநாட்டில் அடையாற்றில் ஆடினார். அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரா. தலைமுறை தலைமுறையாகச் சதிரைக் காத்த பெண்களிடமிருந்து அது கைமாறிய கதையையும் இதோடு சேர்த்துப் படித்தால்தான் கணக்கு நேராகும்.

போவதற்கு முன் சபையின் பார்வை நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். காலையிலும் மாலையிலும் சிறிது நேரம்தான் பொதுமக்களை விடுகிறார்கள். நூலகத்துக்கு அடையாள அட்டை கொண்டுபோங்கள். தலைமையகக் கூடத்தில் பிளாவட்ஸ்கி, ஆல்காட் சிலைகளையும், சுவரில் கண்ணன், புத்தர், இயேசு, ஜரதுஷ்டிரர் புடைப்புச் சிற்பங்களையும் பாருங்கள். பிறகு தோப்புக்குள் நடந்தால் கோயில், மசூதி, மாதா கோயில், புத்தர் சன்னிதி எல்லாம் சிறிது சிறிது தூரத்தில் வரும். கொசு அதிகம், முழுக்கைச் சட்டை நல்லது. ஆலமரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் தெரிந்துகொண்டு அதன் நடுவில், அடிமரம் இருந்த அந்த வெற்றிடத்தைப் பார்த்து நிற்பது வேறு அனுபவம்.