பின்னால் வளைந்தால் வலி: மாத்திரை கொடுத்து ஆட விடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. நியூ ஜெர்சியில் பள்ளி அணியிலும், வார இறுதியில் வெளியூர் போய் ஆடும் கிளப் அணியிலும் பேஸ்பால் பிட்சர், அதாவது பந்து வீசுபவன். வலது கைப் பழக்கம். ஆறு வாரமாகக் கீழ்முதுகில் இடது பக்கம் வலி. பின்னால் வளைந்தால் அதிகமாகிறது, படுத்தால் குறைகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, தசைப்பிடிப்பு என்றார்கள். ஆட்டத்துக்கு முன் இபுப்ரோஃபென் கொடுத்தால் சமாளித்துவிடுகிறான். வைட்டமின் டி குறைவு. முதுகில் சொடக்குச் சத்தம் வருகிறது. ஒரு தோள் சற்று இறங்கியிருக்கிறது. பள்ளிப் பையும் கனம். டிஸ்க் விலகியிருக்கும், ஆபரேஷன் என்று போனால் படுக்கைதான் என்கிறார் என் அண்ணன். இணையத்தில் பேஸ்பால் வீரர் டேவிட் ரைட்டின் முதுகைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என் மகன் நடக்க முடியாமல் போய்விடுவானா? அடுத்த மாதம் முக்கியமான போட்டித் தொடர் வேறு இருக்கிறது.

— ஒரு தாய், நியூ ஜெர்சி

பதில்: நடப்பான், அம்மா. ஓடவும் செய்வான். கால் செயலிழந்துபோவதற்கான அறிகுறி ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. தண்டுவடம் பெரும்பாலானவர்களுக்குக் கீழ்முதுகின் முதல் இரண்டு முள்ளெலும்புகளின் உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. இந்த வயது விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி வலி கிளம்பும் இடம் பெரும்பாலும் அதற்கும் கீழே, ஐந்தாவது முள்ளெலும்பில். அந்தப் பயத்தை இத்துடன் விட்டுவிடுங்கள்.

ஆனால் இன்று மாலைப் பயிற்சிக்கு அவனை அனுப்பாதீர்கள்.

தோள், பை, சொடக்கு என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். நடுவில் போகிற போக்கில் வந்த "பின்னால் வளைந்தால் அதிகமாகிறது" என்ற வரியில்தான் நான் நின்றுவிட்டேன். வளரும் வயதில் தீவிரமாக விளையாடும் பிள்ளைக்கு, கீழ்முதுகில் ஒரு பக்கமாக, பின்னால் வளையும்போது கூடுகிற வலி இரண்டு மூன்று வாரத்தைத் தாண்டினால், அதை எலும்புக் கீறல் என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் பரிசோதனையைத் தொடங்குவோம். கீறல் இல்லை என்று உறுதியான பிறகே தசைப்பிடிப்பு என்ற பேச்சு. உங்கள் மகன் ஆறு வாரத்தை ஓட்டிவிட்டான்.

இது அளவுக்கு மீறிய எச்சரிக்கை அல்ல. முதுகுவலியோடு வந்த வளரிளம் பருவத்தினர் 100 பேரையும் பெரியவர்கள் 100 பேரையும் ஒப்பிட்டு, பாஸ்டன் மருத்துவர்கள் 1995-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இளையவர்களில் 47 பேருக்கு இந்தக் கீறல் இருந்தது; பெரியவர்களில் 5 பேருக்குத்தான். டிஸ்க் கோளாறு நேர்மாறு: பெரியவர்களில் 48 பேர், இளையவர்களில் 11 பேர். உங்கள் அண்ணன் தன் வயதுக்காரர்களின் நோயைப் பதினைந்து வயதுப் பையன் மேல் ஏற்றிப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

கீறல் எப்படி விழுகிறது? ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் பின்பக்கத்தில் எலும்பு வளையம் ஒன்று உண்டு. அதில் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் ஒடுங்கிய பகுதிக்குப் பார்ஸ் என்று பெயர். வலது கைப் பிட்சர் பந்தை விடுவதற்கு முன் இடது காலை எட்டி ஊன்றுகிறான். இடுப்பு முதலில் திரும்பிவிடுகிறது. மார்பும் தோளும் பின்தங்கி நிற்கின்றன. அந்தக் கணத்தில் கீழ்முதுகு பின்னால் வளைந்தும் இருக்கிறது, முறுக்கிக்கொண்டும் இருக்கிறது. கீழ்முதுகு எலும்புகள் சுழல்வதற்காக அமைந்தவை அல்ல. சுழற்சி இடுப்பு மூட்டிலிருந்தும் மார்புப் பகுதி முதுகிலிருந்தும் வர வேண்டும். தொடையும் இடுப்பு மூட்டும் இறுகிக் கிடக்கும் பையனுக்கு அந்த வேலையும் கீழ்முதுகின் தலையில் விழுகிறது. ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்திய கம்பி என்ன ஆகுமோ அதுதான் பார்ஸுக்கும் ஆகிறது. எறியும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் வருவதுதான் வழக்கம். உங்கள் மகனுக்கு வலது கை, வலி இடது பக்கம். எனக்குச் சந்தேகம் வலுப்பதற்கு இதுவும் காரணம்.

பேஸ்பால் பழக்கமில்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நம் வேகப்பந்து வீச்சாளர்களை வாட்டுவதும் முதுகெலும்பின் இதே மாதிரிக் கீறல்கள்தான். பும்ரா முதுகுக் காயத்தால் 2022 டி20 உலகக் கோப்பையைத் தவறவிட்டு, 2023-இல் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2024 உலகக் கோப்பையின் தொடர் நாயகனும் அவரேதான்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பது எனக்கு ஆறுதல் தரவில்லை. தொடக்க நிலைக் கீறல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம். குழந்தைகளுக்கான விளையாட்டு மருத்துவர் ஒருவரிடம் இந்த வாரமே காட்டி, எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். வெறுமனே "முதுகுவலி" என்று எழுதி அனுப்பினால் டிஸ்கைப் பார்த்துவிட்டு விட்டுவிடக்கூடும். "பார்ஸில் கீறல் இருக்கிறதா" என்ற கேள்வி பரிந்துரைச் சீட்டிலேயே இருக்கட்டும். எலும்பு முழுதாக விரிசல் விடுவதற்கு முன், உள்ளே நீர் கோத்திருக்கும் கட்டத்திலேயே எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும்; கதிர்வீச்சும் கிடையாது. ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையும் சோதனை ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. தயவுசெய்து அதை வீட்டில் தினமும் செய்து பார்க்காதீர்கள். வலித்தாலும் வலிக்காவிட்டாலும் அதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

மாத்திரைக்கு வருகிறேன். "கொடுத்தால் சமாளித்துவிடுகிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவனைத் தடுத்து நிறுத்தக்கூடியது அந்த வலி ஒன்றுதான். அதையும் வாயடைத்து மைதானத்துக்கு அனுப்பினால், கீறல் விழுந்த எலும்பின் மேல் அவன் முழு வேகத்தில் எறிவான். வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றிய நிலையில் இபுப்ரோஃபென் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல, வயிற்றுக்கும் நல்லதல்ல. சீட்டு இல்லாமல் கடையில் கிடைப்பதாலேயே அது தீங்கற்றது ஆகிவிடாது. மாத்திரை போட்டால்தான் ஆட முடியும் என்ற நிலை வந்த அன்றே ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும்.

கீறல் உறுதியானால் முதல் மருந்து ஓய்வு. எறிவதை ஏறக்குறைய மூன்று மாதம் நிறுத்த வேண்டியிருக்கும். கீறலின் நிலையைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். இங்கேதான் பெற்றோரும் பயிற்சியாளரும் சேர்ந்து ஒரு தவறைச் செய்கிறார்கள். "பிட்ச் செய்ய வேண்டாம், மட்டை பிடித்தால் போதும்" என்பார்கள். மட்டையைச் சுழற்றும்போதும் முதுகு முறுக்கத்தானே செய்கிறது? வேறு இடத்தில் நின்று ஃபீல்டிங் செய்தாலும் பந்தை எறிந்துதான் ஆக வேண்டும். கனமான பாரத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சியும் கூடாது. ஓய்வு என்றால் இவை எல்லாவற்றிலிருந்தும் ஓய்வு. படுக்க வைக்கச் சொல்லவில்லை; நடக்கட்டும், பள்ளிக்குப் போகட்டும். இடுப்புப் பட்டை சில மருத்துவர்கள் தருவார்கள், சிலர் தரமாட்டார்கள். அது இல்லாமலும் ஆறுகிறது.

வலி தணிந்ததும் பிசியோதெரபி. தொடையின் பின்தசையை நெகிழ்த்துவது, இடுப்பு மூட்டின் சுழற்சியை மீட்பது, வயிற்றுத் தசையையும் பிட்டத் தசையையும் வலுவாக்குவது. சலிப்பூட்டும் வேலை. வலி போய்விட்டது என்று இதைப் பாதியில் விட்ட பிள்ளைகள் அடுத்த பருவத்தில் அதே வலியோடு திரும்பி வருகிறார்கள். பிறகு எறிதல்: முதலில் சமதரையில் 45 அடி தூரத்துக்கு மெதுவாக, பிறகு 60, 90, 120 அடி. வலி எட்டிப் பார்த்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். பிட்சர் நின்று வீசும் மேட்டில் ஏறி முழு வேகத்தில் வீசுவது கடைசியில். மொத்தத்தில் நான்கு முதல் ஆறு மாதம் என்று மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கக் கீறலைத் தொடக்கத்திலேயே பிடித்தால் எலும்பு கூடிவிடும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. முழுதாகக் கூடாவிட்டாலும் பெரும்பாலோர் வலியில்லாமல் ஆட்டத்துக்குத் திரும்புகிறார்கள். ஆடிக்கொண்டே இருந்தால் மறுபக்கமும் விரிசல் விடலாம். இரு பக்கமும் உடைந்தால் முள்ளெலும்பு முன்னோக்கி நழுவ வழி பிறக்கும். நான் அவசரப்படுத்துவது அதற்காகத்தான். அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் ஒழுங்காக ஓய்வும் பயிற்சியும் எடுத்தும் வலி விடாத சிலருக்கும், நழுவல் கூடிக்கொண்டே போகும் சிலருக்கும்தான்.

இப்போது டேவிட் ரைட். இரண்டு தனித்தனிக் கோளாறுகளை இணையம் ஒன்றாக்கி உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. நியூயார்க் மெட்ஸ் வீரரான அவருக்கு 2011 ஏப்ரலில், எதிரணி ஓட்டக்காரரை அவுட் ஆக்கப் பாய்ந்து விழுந்தபோது, கீழ்முதுகில் கீறல் விழுந்தது. தெரியாமல் ஏறக்குறைய ஒரு மாதம் ஆடினார். மே மாதத்தில் நிறுத்தினார்கள், ஜூலையில் திரும்பினார். 2012, 2013 இரண்டு ஆண்டும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். அவருடைய ஆட்ட வாழ்வை முடித்தது 2015-இல் தெரியவந்த ஸ்பைனல் ஸ்டெனோசிஸ், அதாவது நரம்புகள் செல்லும் குழாய் குறுகிப்போவது. அவருக்கு அந்தக் குழாய் பிறவியிலேயே குறுகல். அதோடு கழுத்திலும் தோளிலும் வேறு அறுவை சிகிச்சைகள். அந்த நோயோடேயே 2015 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்தார் என்பதையும் நீங்கள் படித்த பக்கம் சொல்லியிருக்கலாம்.

முதுகில் கத்தி பட்டால் படுக்கைதான் என்ற உங்கள் அண்ணனுக்கு ராண்டி ஜான்சன் பெயரைச் சொல்லுங்கள். 6 அடி 10 அங்குல உயரப் பிட்சர். 1996-இல் விலகிய டிஸ்குக்கு அறுவை சிகிச்சை. அடுத்த ஆண்டே 20 வெற்றி, 4 தோல்வி. 1999 முதல் 2002 வரை நான்கு ஆண்டும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான். உங்கள் மகனுக்கு டிஸ்க் கோளாறு என்று நான் நினைக்கவில்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "டிஸ்க் சற்றுப் புடைத்திருக்கிறது" என்று ஒரு வரி வந்தாலும் அலற வேண்டாம். முதுகுவலியே இல்லாத 20 வயதுக்காரர்களில்கூடப் பத்தில் மூன்று பேருக்கு அப்படி இருக்கும்.

மற்றவை: வைட்டமின் டி குறைவென்றால் மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். வலியில்லாத சொடக்குச் சத்தத்துக்கு ஒரு பொருளும் இல்லை. ஒரு கையாலேயே எறிபவனுக்கு அந்தத் தோள் இறங்கித்தான் இருக்கும். பையைக் குற்றம் சொல்லாதீர்கள். எண்ணெய் தேய்த்தால் இதமாக இருக்கும், ஆனால் அதனால் கீறல் ஒன்றுசேராது. முதுகை மடக்கிச் சொடுக்கெடுக்கும் ஆள் மட்டும் வேண்டாம்.

இரு கால்களும் வலுவிழந்தால், உட்காரும் இடம் மரத்துப்போனால், சிறுநீர் வராமல் நின்றாலோ தெரியாமல் கசிந்தாலோ, அன்று இரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோ, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியோ வந்தால் குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

அவன் மறுபடி வீசத் தொடங்கும்போது, மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் 2014-இல் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வரம்புகளைக் கையில் வைத்திருங்கள். 15, 16 வயதினருக்கு ஒரு நாளில் 95 வீச்சுக்கு மேல் கூடாது. 76-ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் குறைந்தது நான்கு மாதம் போட்டிகளில் பிட்ச் செய்யவே கூடாது. கையைக் காப்பாற்ற எழுதிய கணக்கு இது. முதுகையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளி அணி தன் வீச்சுகளை எண்ணுகிறது, கிளப் அணி தன் வீச்சுகளை எண்ணுகிறது. இரண்டையும் கூட்டிப் பார்ப்பவர் யாரும் இல்லை. அந்த வேலை உங்களுடையது.

அடுத்த மாதத் தொடரில் அவன் ஆடக் கூடாது. "கொஞ்சம் வலி" என்று வாயால் சொன்னால் பயிற்சியாளர் கடைசி இன்னிங்ஸில் கூப்பிட்டுவிடுவார், பையனும் ஓடிவிடுவான். மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கொடுங்கள். எறிதல், அடித்தல், பாரம் தூக்குதல் மூன்றையும் தனித்தனியே குறிப்பிட்டு, மறுபரிசோதனைத் தேதியும் அதில் எழுதியிருக்க வேண்டும்.